கரும்பலகையில் நான் போடாமல் விட்ட அம்பு

 

இன்று ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வகுப்பில் நடத்திய பாடத்துக்கே திருத்தம். பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு நைட்ரஜன் சுழற்சிப் படம் நினைவிருக்கும். மேலே மேகமும் மின்னலும். ஒரு பக்கம் அவரைச் செடி, அதன் வேர் முடிச்சு. இன்னொரு பக்கம் ஒரு மாடு, அதன் சாணம். கீழே மண்ணில் பாக்டீரியா. எல்லாவற்றையும் இணைத்து வண்ணச் சாக்பீஸில் அம்புக்குறிகள். "அம்பு எங்கேயும் அறுந்து போகக் கூடாது" என்று சொல்லி, அறுந்த படத்துக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அந்தப் படத்தில் மாடு இருந்தது, மனிதன் இல்லை. இத்தனை வருஷம் வரைந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

போன மாதம் பழைய மாணவர் ஒருவர் வீட்டு கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க வந்தார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆபரேட்டர் வேலை. பேச்சு வாக்கில் சொன்னார்: "எங்க பிளாண்ட்டுல கரண்ட் பில்லு பாதிக்கு மேல புளோயருக்கே போயிடுது டீச்சர். ராத்திரி பகலா காத்து ஊதிக்கிட்டே இருக்கணும்."

"எதுக்குப்பா அவ்வளவு காத்து?"

"அழுக்கைத் தின்னுற பாக்டீரியாவுக்குத்தான் டீச்சர். அப்புறம் அம்மோனியா வேற. அது குறையலைன்னா டெஸ்ட் ரிப்போர்ட்டுல மாட்டிக்குவோம்."

"குறைஞ்சா அது எங்கே போகுது?"

"நைட்ரஜனாகிக் காத்துல போயிடும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஊர்ல எங்க அப்பா யூரியா மூட்டைக்கு சொசைட்டி வாசல்ல நிக்கிறாரு. இங்க நான் அதையே காத்துல ஊதி விட்டுக்கிட்டு இருக்கேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. சிறுநீரில் இருப்பது யூரியா. பாக்டீரியா அதை உடைத்தால் அம்மோனியா. கவனிப்பாரில்லாத கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். இதன் மதிப்பு பழங்காலத்து மக்களுக்குத் தெரிந்திருந்தது. ரோமாபுரியில் துணி வெளுப்பவர்கள் புளித்த சிறுநீரில் துணியை அலசினார்கள். கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் பேரரசர், பொதுக் கழிப்பறைகளில் சேரும் சிறுநீருக்கு வரியே போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, அந்த வரிக்காசை அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம்.

இங்கிலாந்தில் வெடிமருந்துக்கு வெடியுப்பு தேவைப்பட்டது. அதற்கும் மூலம் சிறுநீரும் சாணமும் ஊறிய மண்தான். அரசாங்க ஆட்கள் தொழுவங்களையும் புறாக்கூண்டுகளையும் தோண்ட வருவார்கள். மக்கள் திட்டித் தீர்ப்பார்கள். 1626-ல் முதலாம் சார்லஸ் மன்னர், சிறுநீரைச் சேமித்து வைக்கும்படி குடிமக்களுக்கு ஆணையே போட்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக வெடியுப்பை ஏற்றிப் போனதும் அந்தத் தொல்லை ஓய்ந்தது. பீகாரில் அந்த உப்பைக் காய்ச்சியவர்கள் நோனியா சமூகத்து ஏழைகள்.

ஜப்பானில் நகரத்துக் கழிவைக் கிராமத்து விவசாயிகள் காசு கொடுத்து வாங்கினார்கள். ஒசாகா நகரில் வாடகை வீட்டு மலம் வீட்டுக்காரருக்குச் சொந்தம், சிறுநீர் குடியிருப்பவருக்குச் சொந்தம் என்று வழக்கமே இருந்தது.

நம் நாட்டைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் அந்த வேலையைச் சாதியின் பெயரால் சிலர் தலையில் கூடையாக ஏற்றினோம். அதைத் தடை செய்ய 1993-லும் 2013-லும் இரண்டு சட்டங்கள் தேவைப்பட்டன. இன்னும் சாக்கடைக் குழியில் உயிர் போகும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கழிவிலிருந்து செல்வம் எடுக்கலாம் என்று யார் சொன்னாலும், முதலில் நான் கேட்கும் கேள்வி: அதைக் கையால் தொடப்போவது யார்? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

19-ம் நூற்றாண்டில் நகரங்கள் பெருத்தன. லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி நாடாளுமன்றத்தையே மூக்கைப் பிடிக்க வைத்தது. அதன் பிறகு பெரிய பாதாளச் சாக்கடைகள் கட்டி, எல்லாவற்றையும் நகருக்குக் கீழே நதியில் கொண்டுபோய் விட்டார்கள். காலரா ஒழிந்தது, அது மாபெரும் நன்மை. ஆனால் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், வயலிலிருந்து வந்த சத்தை இப்படிக் கடலில் கொட்டுகிறீர்களே என்று எச்சரித்தார். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. உரத்துக்குப் பெரு நாட்டுத் தீவுகளில் இருந்து பறவை எச்சம் வந்தது. அது தீர்ந்தபோது சிலி நாட்டு நைட்ரேட் வந்தது.

அதுவும் தீர்ந்துவிட்டால்? 1898-ல் வில்லியம் குரூக்ஸ் என்ற விஞ்ஞானி பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கூடிய மாநாட்டில் இதைத்தான் கேட்டார். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்காவிட்டால் கோதுமைக்குத் தட்டுப்பாடு வரும் என்றார்.

இதற்குப் பிறகு வந்த மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1911, 1913, 1914. நம் கதை முழுவதும் இந்த மூன்றுக்குள் இருக்கிறது.

1913-ல் இருந்து தொடங்குகிறேன். 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மானியர், காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக் காட்டினார். 500 டிகிரியை ஒட்டிய வெப்பம், காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கை ஒட்டிய அழுத்தம். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஒப்பாவ் ஊரில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோறு கிடைப்பது இந்த முறையால்தான் என்கிறார்கள். நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். பசி தெரிந்த தலைமுறை நான். ஆனால் இந்த முறை இயற்கை எரிவாயுவைக் குடிக்கிறது. உலகம் செலவழிக்கும் மொத்த ஆற்றலில் 1 முதல் 2 சதவீதம் இதற்கே போகிறது.

அடுத்து 1914. மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்று இருவர் சாக்கடை நீரைக் குடுவைகளில் ஊற்றிக் காற்றை ஊதினார்கள். அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, மேலே புதுச் சாக்கடை நீரை ஊற்றி மறுபடி ஊதினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்ய, வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. அந்தச் சேறு முழுக்க உயிருள்ள பாக்டீரியா. நம் மாணவர் ஓட்டும் புளோயரின் தாத்தா அந்தக் குடுவைதான். பிற்காலத்தில், அந்த நைட்ரேட்டையும் வேறு பாக்டீரியாவைக் கொண்டு நைட்ரஜன் வாயுவாக்கி விண்ணில் விடக் கற்றுக்கொண்டார்கள்.

அம்மோனியாவில் இருக்கும் 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்கச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவ்வளவையும் மின்சாரம் செலவழித்துத் தண்ணீருக்குள் கரைக்க வேண்டும்.

இப்போது பாருங்கள், பிள்ளைகளே. 1913 செப்டம்பரில் ஓர் ஊரில், காற்றிலிருந்து அம்மோனியா செய்யத் தொடங்கினோம். 1914 ஏப்ரலில் இன்னோர் ஊரில், அம்மோனியாவை ஒழிக்கும் வழியை அறிவித்தோம். இடையில் ஏழே மாதம். செய்வதற்கும் எரிபொருள், ஒழிப்பதற்கும் எரிபொருள். நூறு வருஷமாக இரண்டு செலவையும் மனிதகுலம் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒழிக்காமலும் இருக்க முடியாது. அப்படியே ஏரியில் விட்டால் பாசி மண்டி, ஆக்சிஜன் தீர்ந்து, மீன் செத்து மிதக்கும்.

இனி 1911. அந்த வருஷம் இங்கிலாந்தின் நியூகாசிலில் மைக்கேல் கிரெஸ் பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட்டை விட்டு அதில் ஒரு பிளாட்டினத் துண்டை வைத்தார். ஈஸ்ட் இல்லாத கரைசலில் இன்னொரு துண்டு. இரண்டையும் கம்பியால் இணைத்தால் மின்னோட்டம்! ஒரு வோல்ட்டுக்கும் குறைவுதான். பாக்டீரியாவை வைத்தும் செய்து பார்த்தார். உயிர்கள் உணவைச் சிதைக்கும்போது மின்சாரம் பிறக்கிறது என்று எழுதி வைத்தார். யாரும் அதிகம் பொருட்படுத்தவில்லை. 1931-ல் அமெரிக்காவில் பார்னெட் கோஹன் இப்படிப் பல கலங்களைத் தொடராக இணைத்து 35 வோல்ட் எடுத்தார். ஆனால் மின்னோட்டம் வெறும் 2 மில்லி ஆம்பியர். மறுபடி கிடப்பில் போட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது? நாம் சோறு சாப்பிடுகிறோம். உடம்பு அதைச் சிதைக்கும்போது எலக்ட்ரான்கள் பிரிகின்றன. அவற்றைக் கடைசியில் வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். நமக்கு அந்த ஆள் ஆக்சிஜன்; அதற்காகத்தான் மூச்சு விடுகிறோம். ஆக்சிஜனே இல்லாத ஆற்றுச் சேற்றில் வாழும் பாக்டீரியா என்ன செய்யும்? 1987-ல் வாஷிங்டன் அருகே போடோமாக் ஆற்றுச் சேற்றில் டெரெக் லவ்லி என்ற விஞ்ஞானி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது எலக்ட்ரானை இரும்புத் துருவிடம் கொடுத்து 'மூச்சு' விட்டது. அந்தக் குடும்பத்துக்கு ஜியோபாக்டர் என்று பெயர் வைத்தார்கள். துருவுக்குக் கொடுப்பது ஒரு கார்பன் தகட்டுக்கும் கொடுக்குமல்லவா? கொடுத்தது. 1999-ல் கொரியாவில் பியுங் ஹாங் கிம் குழுவினர், இடையில் எந்த மருந்தும் கலக்காமல், வேறொரு பாக்டீரியா நேரடியாகத் தகட்டுக்கு எலக்ட்ரான் தருவதைக் காட்டினார்கள். 2004-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் வீட்டுச் சாக்கடை நீரையே ஊற்றி மின்சாரம் எடுத்தார்கள். நீரும் ஓரளவு சுத்தமானது.

பத்திரிகைகள் "சாக்கடையிலிருந்து மின்சாரம்!" என்று எழுதின. வந்த மின்சாரமோ சொற்பம். ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு 26 மில்லி வாட். ஒரு குண்டு பல்பு எரியக்கூடப் போதாது. இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டியது. முடியாததற்குக் காரணம் ஒரு கோளாறு.

இத்தகைய கலங்கள் பலவற்றில் இரண்டு அறைகள். ஒன்றில் சாக்கடை நீர், பாக்டீரியா, ஒரு தகடு, அது ஆனோடு. மற்றதில் இன்னொரு தகடு, அது கேதோடு. நடுவில் நேர்மின் அயனிகளை மட்டும் விடும் ஒரு சவ்வு. எலக்ட்ரான் கம்பி வழியாகப் போகும்போது, கணக்கு நேராக, ஏதாவது ஒரு நேர்மின் அயனி சவ்வைத் தாண்ட வேண்டும். ஹைட்ரஜன் அயனிதான் தாண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2006-ல் நெதர்லாந்தில் ரோசென்டால் குழுவினர் அளந்து பார்த்தபோது, தாண்டியவை பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம்! காரணம் எளிது. சாக்கடை நீரில் இவை ஹைட்ரஜன் அயனியைவிட லட்சம் மடங்கு அதிகம். கூட்டத்தில் யார் அதிகமோ அவர்கள்தானே வாசலைத் தாண்டுவார்கள்? இதனால் ஆனோடு பக்கம் புளித்தது, கேதோடு பக்கம் காரமானது, மின்சாரம் குறைந்தது. அவர்களுக்கு இது தலைவலி.

2008-ல் லோகனின் பல்கலைக்கழகத்திலேயே பன்றிப் பண்ணைக் கழிவுநீரை வைத்துச் சோதித்தபோது அம்மோனியா கணக்கில் உதைத்தது. போட்டதைவிட இருப்பது குறைவு. பாக்டீரியா தின்றுவிட்டதா? தேடிப் பார்த்தால், கேதோடு அருகே காரம் ஏறி, அம்மோனியா வாயுவாகித் தப்பித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சோதனையை நினைவுபடுத்துகிறேன். நவச்சாரத்தையும் வெற்றிலைச் சுண்ணாம்பையும் கலந்து முகர வைப்பேன். முதல் பெஞ்சில் இருப்பவர்கள் "ஐயோ டீச்சர்" என்று பின்னால் ஓடுவீர்கள். அம்மோனியம் உப்போடு காரம் சேர்ந்தால் அம்மோனியா வாயு. அவ்வளவுதான் சங்கதி. கேதோடு அறையில் அதே சோதனை நடக்கிறது. சுண்ணாம்பு வாங்க வேண்டாம். காரம் தானாகவே உண்டாகிறது. அம்மோனியத்தையும் சுமந்து வர வேண்டாம். மின்னோட்டமே இழுத்து வருகிறது. கோளாறு என்று நினைத்ததைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், அம்மோனியாவைப் பிரித்தெடுக்கும் கருவி! தப்பிக்கும் வாயுவைக் கந்தக அமிலத்தில் பிடித்தால் அம்மோனியம் சல்பேட். உரக்கடையில் மூட்டையாக விற்கும் அதே பொருள்.

2012-ல் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் வெட்சஸ் என்ற நீர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிலிப் குன்ட்கே குழுவினர் இதை மனிதச் சிறுநீரிலேயே செய்து காட்டினார்கள். அம்மோனியாவும் கிடைத்தது, ஆற்றல் கணக்கில் கொஞ்சம் மிச்சமும் நின்றது. செலவழித்து ஒழிக்கும் பொருளை, செலவில்லாமல் திரும்பப் பெற முடியும் என்று முதல் நம்பிக்கை. பிறகு வெளியிலிருந்து சிறிது மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டினார்கள். அப்போது கேதோடில் ஹைட்ரஜனும் வருகிறது. சாதாரணமாகத் தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கத் தேவைப்படும் வோல்ட்டில் பாதிகூட வேண்டாம். மீதி வேலையைப் பாக்டீரியா பார்த்துக்கொள்கிறது. 2017-ல் அரை சதுர மீட்டர் சவ்வு கொண்ட பெரிய கலத்தில் செய்து பார்த்தார்கள். 'பெரிய' கலம் என்றாலும் நம் வகுப்பு மேசைப் பலகை அளவுதான்.

உடனே இதை "அதிசயக் கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிடாதீர்கள்! ஒரு கணக்கு போடுவோம். 2012 சோதனையில் ஒரு சதுர மீட்டர் சவ்வு ஒரு நாளில் பிடித்தது சுமார் 3.3 கிராம் நைட்ரஜன். ஒரு மனிதர் ஒரு நாளில் சிறுநீரில் வெளியேற்றுவது சுமார் 10 கிராம். ஆக ஒருவருக்கு மூன்று சதுர மீட்டர், நான்கு பேர் குடும்பத்துக்குப் பன்னிரண்டு. இந்தச் சவ்வு விலை மலிவானதல்ல. பின்னால் வந்த கலங்கள் வேகமானவை. ஆனாலும் சுண்ணாம்பு உப்புகள் படிந்து அடைத்துக்கொள்வது, பாக்டீரியாவைப் பல மாதம் ஒரே நிலையில் வைத்திருப்பது எல்லாம் சிரமங்களே.

இன்னொன்று, நீர்த்துப்போன சாக்கடைக்கு இது ஒத்துவராது. ஒரு லிட்டர் சாக்கடை நீரில் அம்மோனியா நைட்ரஜன் சில பத்து மில்லி கிராம். தேங்கிய சிறுநீரிலோ ஆயிரக்கணக்கில். வீட்டுக் கழிவுநீரின் அளவில் சிறுநீர் வெறும் 1 சதவீதம்தான். ஆனால் நைட்ரஜனில் ஏறக்குறைய 80 சதவீதம் அதில் இருக்கிறது. அந்த ஒரு பங்கை, தொண்ணூற்றொன்பது பங்குத் தண்ணீரில் கலந்துவிட்டு, பிறகு பிரிக்க அல்லாடுகிறோம். ஆகவே உண்மையான மாற்றம் தொடங்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடம் அல்ல, கழிப்பறை.

இதை நம் ஊரில் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் சூழல் கழிப்பறைகள் கட்டினார்கள். அங்கே பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தியவர்களுக்குச் சில காசுகள் கொடுத்தார்கள். சேர்ந்த சிறுநீர் வாழைக்கு உரமாக ஆராயப்பட்டது. ரோமாபுரிப் பேரரசர் வரி வாங்கினார். முசிறிக்காரர்கள் கூலி கொடுத்தார்கள்! அங்கே பாக்டீரியா கலமும் இல்லை, சவ்வும் இல்லை. ஆனால் முதல் படி அதுதான்.

முன்னே ஒரு கேள்வியை நினைவில் வைக்கச் சொன்னேனே, கையால் தொடப்போவது யார் என்று? எனக்கு இந்தக் கலத்தின் மேல் ஆசை வந்ததற்கு அதுவே காரணம். குழாய் வழியாக வருகிறது, மூடிய பெட்டிக்குள் பாக்டீரியா வேலை செய்கிறது, கடைசியில் வெளியே வருவது நெடியில்லாத உப்புக் கரைசல். குடத்தில் சுமந்து போக ஆள் வேண்டாம். வயல் சத்து வயலுக்குத் திரும்பினால் போதாது; அதைத் திருப்பும் வேலை ஒரு சாதியின் தலையில் விழாமலும் இருக்க வேண்டும். பழைய முறைகளில் முதலாவது நடந்தது, இரண்டாவது நம் நாட்டில் நடக்கவில்லை. இப்போது இரண்டும் நடக்க ஒரு வாய்ப்பு தெரிகிறது. அது கைகூடுமா என்பது சவ்வின் விலையைப் பொறுத்தும், நம் மனசைப் பொறுத்தும் இருக்கிறது.

சரி, இனி திருத்தம். எட்டாம் வகுப்பு நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனிதனை வரைந்துகொள்ளுங்கள். அவனுக்கு வயலிலிருந்து ஓர் அம்பு. காற்றிலிருந்து தொழிற்சாலை வழியாக வயலுக்கு இன்னோர் அம்பு. அதன் மேல் '1913' என்று எழுதுங்கள். மனிதனிடமிருந்து சுத்திகரிப்பு நிலையம் வழியாகக் காற்றுக்கு ஓர் அம்பு. அதன் மேல் '1914'. மனிதனிடமிருந்து நேரே வயலுக்கு ஓர் அம்பு. அதன் மேல் '1911'. இந்தக் கடைசி அம்பை மட்டும் புள்ளிக்கோடாகப் போடுங்கள். இன்னும் முழுதாக வரவில்லை.

அறுந்த படம் போட்டதற்காக நான் மதிப்பெண் குறைத்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உண்மையில் அறுந்துதான் இருந்தது. சரியாக வரைந்தவர்கள் நீங்கள்தான்.

கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். அந்த மாணவரின் அப்பாவைப் பார்த்தேன். யூரியா கிடைத்ததா என்று கேட்டேன். "ரெண்டு மூட்டை கேட்டேன், ஒண்ணுதான் கொடுத்தாங்க டீச்சரம்மா" என்றார்.

உங்களில் யாராவது இந்தத் துறையில் வேலை செய்தால், நான் எழுதியதில் தவறு இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். டீச்சர் என்று பார்க்க வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை வரைந்து காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்